கைக்கேற்ற கத்தி

திருமலைராயன்பட்டினத்தைத் தாண்டிய பிறகுதான் சட்டை முழுக்கக் கரியாக இருப்பதைக் கவனித்தேன். கீழவாஞ்சூரிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தேன். பஸ் இருந்தது. ஆனால் ஒரு வேலையை விட்டுவிட்டு வரும்போது நான் நடந்துதான் வருவேன். திருப்பூரை விட்டபோதும் அப்படித்தான், தூத்துக்குடி உப்பளத்தை விட்டபோதும் அப்படித்தான். கொஞ்ச தூரம் நடந்தால் விட்டது விட்டதாகிவிடும்.

எதிரே காலி லாரிகள் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. தெரிந்த டிரைவர் ஒருவர் வண்டியை மெதுவாக்கித் தலையை நீட்டினார்.

"என்னப்பா, லோடு நிக்கிது, நீ இந்தப் பக்கம் போற?"

"போறேண்ணே."

"கத்திக்காரரு எங்க?"

"கீழ கரி கூட்டிக்கிட்டு இருக்காரு."

"அவரா? கீழயா?"

பின்னால் வந்த வண்டி ஹாரன் அடித்தது. அவர் போய்விட்டார்.

கத்திக்காரர் என்றால் அடிதடி ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் யாரையும் அதட்டிப் பேசிக்கூட நான் கேட்டதில்லை. கப்பலில் வரும் நிலக்கரியை லாரியில் ஏற்றியதும் மேலே தார்ப்பாய் விரித்துக் கயிறு கட்ட வேண்டும். அதற்கு ஒரு லாரிக்கு மூன்று பேர். இருவர் கீழே நின்று கயிற்றைக் கொக்கியில் மாட்டி இழுப்போம். ஒருவர் கரிக் குவியலின் உச்சியில் நிற்பார். அந்த மேல் ஆள் அவர். கீழ் ஆள்களில் ஒருவன் நான். மேல் ஆளுக்குக் கூலி அதிகம், மரியாதையும் அதிகம். மேல் ஆளின் இடக்கை எப்போதும் கயிற்றைப் பிடித்திருக்க வேண்டும், வலக்கையால்தான் கத்தியைத் திறந்து கயிற்றை அறுக்க வேண்டும் என்பது எங்கள் மேஸ்திரியின் கண்டிப்பு. கத்தியைத் திறக்கக் கயிற்றை விட்டுவிட்டு இரண்டு கையையும் பயன்படுத்தினால் கடல் காற்று தார்ப்பாயோடு ஆளையும் தூக்கிவிடும். நான் வருவதற்கு முன்னால் ஒருவர் அப்படி விழுந்து இடுப்பு ஒடிந்து கிடந்தார்.

கத்திக்காரரின் வலக்கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் மடங்காது. அது எனக்குத் தெரியும், அவர் மனைவிக்குத் தெரியும். மேஸ்திரிக்குத் தெரியாது. தெரிந்தால் அன்றைக்கே கீழே இறக்கிவிடுவார். அவர் மேலே நிற்பது முழுக்க அந்தக் கத்தியை நம்பித்தான் இருந்தது.

சந்தைக் கடையில் நூற்றைம்பது ரூபாய்க்குத் தொங்கவிட்டிருப்பார்களே, அந்த மடக்குக் கத்திதான். பிளாஸ்டிக் பிடி, ஒல்லியாக இருக்கும். நகத்தை விட்டு நிமிண்டி இரண்டு கையால் பிரிக்க வேண்டும். அவரிடம் இருந்ததைப் பார்த்தால் அதே கத்தி என்று யாரும் சொல்லமாட்டார்கள். பிளாஸ்டிக்கைக் கழற்றிவிட்டு வேப்பங்கட்டையில் கொழுக்கட்டை போலத் தடியாகப் பிடி போட்டிருந்தார், மூன்று விரல் பிடித்தாலே நழுவாதபடி. அலகின் முதுகுப் பக்கம் துளை போட்டு ஒரு பித்தளைக் குமிழ் வைத்திருந்தார், கட்டை விரலால் தள்ளினால் திறந்துகொள்ள. உள்ளே அலகை இறுக்கும் ஸ்பிரிங் பட்டையை அராவி மெலிதாக்கியிருந்தார். இதையெல்லாம் காரைக்காலில் ஒரு லேத் பட்டறையிலும் ஒரு ரேடியோ ரிப்பேர்க் கடையிலுமாகச் செய்தார்கள். துளை போடும்போது இரண்டு கத்திகள் விரிசல் விட்டுப்போயின. மூன்றாவதுதான் நின்றது. அப்புறமும் விடவில்லை. மழைக்காலத்தில் கட்டை ஊதியது என்று பிடியை மாற்றினார். குமிழ் வழுக்குகிறது என்று அதில் கோடு போட்டு வாங்கினார். கத்தியின் விலையைப் போலப் பத்து மடங்கு அதற்குள் போயிருக்கும்.

துறைமுகத்து வெளியே ஒரு டீக்கடை. அங்கே அந்தக் கத்தியை எடுத்து மேசையில் வைத்துவிட்டால் போதும், எல்லோருக்கும் பொழுது போய்விடும்.

"நூத்தம்பது ரூவா கத்திக்கு இவ்வளவு நகையா? எப்பண்ணே கட்டிக் குடுக்கப்போறீங்க?" என்பார் நாமக்கல் டிரைவர்.

"நல்ல எடமா வந்தா சொல்லு."

"அவரு வூட்டுக்காரம்மா கழுத்துல இருக்கறதவிட இதுல பித்தளை ஜாஸ்தி" என்பார் டீக்கடை அக்கா.

"தங்கம் போட்ட கழுத்துல எதுக்குங்க பித்தளை?"

"ஆமா, நான் போயி பாத்தேன், தங்கம் மின்னுனதை."

டிரைவர் விடமாட்டார். "வெளையாட்டு இல்லண்ணே, கேக்குறேன். இந்தக் காசுக்கு ஒரேயடியா நல்ல கத்தியே வாங்கியிருக்கலாமே. ஒரு கையால தொறக்கிற மாதிரி புதுச்சேரியில கெடைக்கிதே."

அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொல்வார்: "அது கடைக்காரனுக்குப் புடிச்ச கத்தி தம்பி."

நானும் அதே கேள்வியை மனதுக்குள் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். பதில் கிடைத்தது ஒரு கப்பல்காரனால். சரக்கு இறக்க வந்த கப்பலில் இருந்த ஒருவன், நான் எடுத்துக் கொடுத்த ஏதோ ஒரு சாமானுக்காகத் தன் கத்தியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். வெளிநாட்டுக் கத்தி. பூட்டு இருந்தது, எண்ணெய் போட்டதுபோலத் திறந்தது. எனக்கு அதனால் ஒன்றும் ஆக வேண்டியதில்லை. அவரிடம் கொடுத்தேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்று விரலால் பிடித்தார். ஒல்லிப் பிடி, உள்ளங்கைக்குள் சுழன்றது. இன்னும் இரண்டு விரல் வந்து அணைத்தால்தான் அது நிற்கும்.

"பிடியை மட்டும் மாத்திக்கிடுங்கண்ணே" என்றேன்.

"இதுலயா? இதுல எவனாவது ரம்பத்தை வைப்பானா?" திருப்பிக் கொடுத்துவிட்டார். "சந்தைக் கத்தின்னா தைரியமா அறுக்கலாம், துளை போடலாம். போனா இன்னொண்ணு. இது போச்சுன்னா ராத்திரி தூக்கம் வருமா? நல்ல சாமான்னா நாமதான் அதுக்கு ஏத்தாப்புல கையை வச்சுக்கணும். என் கை இனிமே எதுக்கும் ஏத்தாப்புல வராது."

அந்த வெளிநாட்டுக் கத்தியை விற்று நான் ஒரு போர்வை வாங்கினேன்.

கத்தி மட்டுமல்ல, அவர் கைபட்ட எதுவும் கடையில் வாங்கியபடி இருந்ததில்லை. மொபெட்டின் வலப்பிடியில் சைக்கிள் டியூபைச் சுற்றித் தடியாக்கியிருந்தார். சட்டையில் பித்தானை எடுத்துவிட்டு அழுத்துகிற பித்தான் வைக்கச் சொல்லி மனைவியைத் தொந்தரவு செய்திருந்தார். தலத்தெருவில் அவர் வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட ஓர் அறையில்தான் நான் வாடகைக்கு இருந்தேன். அந்த அறையின் தாழ்ப்பாள்கூட மேலே தள்ளினால் திறக்கும், முழங்கையால் தள்ளும்படி. முதல் நாள் நான் அதை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு வெளியே நின்றேன். சாப்பிடும்போது மட்டும் அவரால் எதையும் மாற்ற முடியவில்லை. சோற்றைப் பிசைவார், இரண்டு விரல் தட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். யாராவது வந்தால் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

கை அப்படி ஆனதும் ஒரு லாரியால்தான். நான் சேர்வதற்கு முந்தைய மழைக்காலம். ஈரக் கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்திருக்கிறார். டிரைவர் கவனிக்காமல் வண்டியை எடுத்துவிட்டான். தோல் உரிந்து, உள்ளே நரம்பு அறுந்துபோயிற்று. தோல் ஆறியதும் வேலைக்கு வந்துவிட்டார். சின்னக் காயம் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டார்.

இதெல்லாம் அவர் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தம்மா வீட்டிலேயே தையல் மிஷின் வைத்து ஜாக்கெட் தைத்துக் கொடுப்பார். தைத்துக்கொண்டே பேசுவார், மிஷின் நின்றால் பேச்சும் நின்றுவிடும்.

"ஆஸ்பத்திரியில அன்னைக்கே சொன்னாங்க தம்பி. சீக்கிரம் புதுச்சேரிக்குப் போயி ஆபரேஷன் பண்ணிக்கிட்டா பாதியாவது மடங்கும், தள்ளிப்போட்டா ஒண்ணும் பண்ண முடியாதுன்னு. மூணு மாசம் அந்தக் கையால எதையும் தூக்கக் கூடாதாம். இந்த மனுசன் என்ன பண்ணாரு தெரியுமா? ஆஸ்பத்திரியில இருந்து நேரா பட்டறைக்குப் போயி கத்தியைக் குடுத்துட்டு வந்தாரு."

அவர் வாசலில் உட்கார்ந்து மொபெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மூணு மாசம் நான் படுத்துருந்தா அந்த எடத்தை எனக்காகக் காயப்போட்டு வச்சிருப்பாங்களா?"

"கையைச் சரி பண்ணாம கத்தியைச் சரி பண்ணிக்கிட்டு இருக்காரு, இதை எங்க போயி சொல்றது மாதாவே."

"கத்தியைப் பட்டறையில விட்டுட்டு ரெண்டு நாளு கழிச்சு வாங்கிக்கலாம். கையை விட்டுட்டு வேலைக்குப் போவ முடியுமா?"

இது சண்டை இல்லை. வாரத்துக்கு ஒரு தடவை இதே வார்த்தைகளை இருவரும் சொல்லிக்கொள்வார்கள். பிறகு அந்தம்மா அவர் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடுவார்.

அரசலாற்றுப் பாலத்துக்கு வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. பாலத்தின் நடுவில் நின்று கைகளைச் சட்டையில் துடைத்தேன். சட்டையும் கரி, கையும் கரி. எது எதைத் துடைத்தது என்று தெரியவில்லை.

அன்று காலையில் நடந்தது இதுதான். மார்கழி மாதம். விடிந்தும் விடியாமலும் முதல் லாரி நின்றது. கடலிலிருந்து ஊசி போலக் காற்று. அவர் மேலே ஏறித் தார்ப்பாயை விரித்து, இடக்கையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். கயிற்றின் ஒரு முனை கரிக்கு அடியில் சிக்கிக்கொண்டது. அறுத்துவிட்டால் சரியாகிவிடும். கத்தியை எடுத்துக் கட்டை விரலால் குமிழைத் தள்ளினார். திறக்கவில்லை. மறுபடி தள்ளினார். கீழிருந்து பார்த்தபோது விரலைச் சொடுக்குகிற மாதிரி இருந்தது. அதற்குள் தார்ப்பாய்க்குள் காற்று புகுந்து பந்து போல எழும்பியது.

"அண்ணே, வுட்டுடுங்க, எறங்கிடுங்க" என்று கத்தினேன்.

அவர் கயிற்றை விட்டார். ஆனால் இறங்கவில்லை. இரண்டு கையாலும் கத்தியைப் பிடித்து அலகைப் பல்லால் கவ்வி இழுத்தார். தார்ப்பாய் அவர் முழங்காலில் அடித்து ஓரம்வரை தள்ளிக்கொண்டு போயிற்று. நானும் கூட இருந்தவனும் எங்கள் பக்கத்துக் கயிற்றில் தொங்கினோம். அவர் மண்டியிட்டு விழுந்தார், கரியின் விளிம்பில். கீழே விழவில்லை. அந்த நிலையிலேயே கயிற்றை அறுத்தார். வாயில் ரத்தமும் கரியும்.

மேஸ்திரி எடை மேடைப் பக்கமிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாகத்தான் நடந்து வந்தார்.

"எறங்குங்கண்ணே."

இறங்கினார். மேஸ்திரி அவர் கத்தியை வாங்கிப் பார்த்தார். தடிப் பிடியைப் பார்த்தார், குமிழைப் பார்த்தார். பிறகு அவருடைய கையைப் பார்த்தார்.

"எத்தினி நாளாண்ணே இப்படி?"

"இது எண்ணெயிங்க. எண்ணெயி ஒறைஞ்சிருச்சு, அவ்வளவுதான்."

அது உண்மைதான். எப்போதும் தையல் மிஷினுக்கு விடும் எண்ணெயைத்தான் கத்திக்கும் விடுவார். அது தீர்ந்துபோயிருந்தது. முந்தின நாள் சாயங்காலம் தலைக்குத் தேய்க்கும் தேங்காய் எண்ணெயை இரண்டு சொட்டு விட்டிருக்கிறார். மார்கழியில் அது உறையும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அந்தம்மா பாட்டிலை அடுப்போரமாக வைப்பது வழக்கம். அங்கே அது தண்ணீராகத்தான் இருந்தது. மொபெட்டில் பனிக்காற்றில் வந்து சேர்வதற்குள் கரித்தூளோடு சேர்ந்து மெழுகாக இறுகிவிட்டது.

மேஸ்திரி கெட்டவர் இல்லை. "நீங்க விழுந்திருந்தா நான்தான் ஒங்க வூட்டுக்கு வந்து சொல்லணும்" என்றார். "கரி போற பெல்ட்டுக்குக் கீழ கூட்டுற வேலை இருக்கு. பாதிக் கூலிதான். பாத்துக்கங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ ஏறு."

நான் கத்திக்காரரைப் பார்த்தேன்.

"என் மூஞ்சியில என்ன எழுதியிருக்கு? ஏறுடா" என்றார் அவர், வாயைத் துடைத்துக்கொண்டே.

ஏறினேன். மேலே நின்றால் முழுத் துறைமுகமும் தெரிகிறது. பெல்ட்டுக்குக் கீழே அவர் விளக்குமாற்றை எடுத்தது தெரிந்தது. அதன் கட்டை மெல்லியது. கொஞ்ச நேரம் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒரு சாக்குத் துண்டைத் தேடி எடுத்து அதன்மேல் சுற்றத் தொடங்கினார். மத்தியானம்வரை லாரிகளைக் கட்டினேன். எனக்கு அந்த வேலை சுலபமாகவே வந்தது. பிறகு இறங்கினேன், நடந்தேன். ஏன் என்று மேஸ்திரி கேட்டபோதும் நிற்கவில்லை.

பையை எடுக்கத் தலத்தெருவுக்குப் போனேன். அவர் எனக்கு முன்னால் வந்து குளித்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். எதிரே செய்தித்தாளின் மேல் கத்தி துண்டு துண்டாகக் கிடந்தது. மண்ணெண்ணெயில் துணியை நனைத்து ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நீ ஏண்டா எறங்கினே? கூறு கெட்டவனே, எடம் சும்மாவா இருக்கும்?"

"எனக்குச் சரிப்படலண்ணே."

"எனக்காகன்னு சொல்லிடாத. வயிறெரியும்."

"இல்லண்ணே. நான் எங்கயும் நின்னது கெடையாது."

"அது சரி."

அந்தம்மா உள்ளேயிருந்து வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றார். மிஷின் ஓடவில்லை. ஓடாதபோது அவர் பேசி நான் கேட்டது அன்றுதான்.

"அதான் எடம் போயிருச்சுல்ல. இனிமேயாவது புதுச்சேரிக்குப் போவலாமா? போயி கேட்டுத்தான் பாப்பமே."

அவர் ஸ்பிரிங் பட்டையைப் பொருத்தினார். பிடியைப் பொருத்தினார். திருகாணியைக் கையால் முறுக்கிவிட்டு ஸ்குரூ டிரைவரால் இறுக்கினார். மூன்று விரல்களால் எடுத்துக் கட்டை விரலைத் தள்ளினார். கத்தி சத்தமில்லாமல் திறந்தது. மூடினார். மறுபடி திறந்தார்.

"பாத்தியா? நாளைக்கு இதை மேஸ்திரிகிட்ட காட்டுறேன். எண்ணெயிதான் தப்பு. கத்தி மேல ஒரு தப்பும் இல்ல."

"கை மேல?" என்றார் அந்தம்மா.

அவர் மறுபடி மூடினார், மறுபடி திறந்தார். அந்தம்மா உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து மிஷின் ஓடும் சத்தம் கேட்டது, எந்தப் பேச்சும் இல்லாமல்.

நான் பையை எடுத்துக்கொண்டேன். வாடகை பாக்கி ஒன்றும் இல்லை. போய் வருகிறேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார். நான் தெரு முனையில் திரும்பும்போதும் அந்தப் பித்தளைக் குமிழ் விளக்கு வெளிச்சத்தில் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் அவரை நான் பார்க்கவில்லை. அந்தக் காசு அந்தக் கத்திக்குத் தகுமா என்று யாராவது இன்று கேட்டால், ஒரு வருஷத்துக்கு மேல் ஒருவரை அது லாரியின் உச்சியில் நிற்க வைத்தது என்பேன். அந்த ஒரு வருஷத்தில் கைக்கு ஆபரேஷன் செய்யும் காலம் போய்விட்டது, அதைச் சொல்லமாட்டேன்.

பஸ் ஸ்டாண்டில் படுத்திருந்துவிட்டு, மறுநாள் காலை காரைக்கால்மேட்டுக்குப் போனேன். படகுகள் வந்துகொண்டிருந்தன, மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. ஐஸ் உடைக்க ஆள் வேண்டும் என்றார்கள். ஐஸ் கட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தவரிடம் போய் நின்றேன். கனத்த ஆள், காதில் பீடி.

"முன்ன எங்க இருந்தே?"

"துறைமுகத்துல, தார்ப்பாய் கட்டுற வேலை."

"கையை நீட்டு."

நீட்டினேன். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"மடக்கு. ஐஸ்ல நாளு முழுக்க நிக்கணும், மரத்துப்போவும். முன்னாலயே வெறச்ச கையை வச்சிக்கிட்டு நான் என்ன பண்றது?"

மடக்கினேன். பத்தும் மடங்கின.

"சரி, அந்தச் சாக்கை எடு" என்றார்.

எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு முதல் கட்டியைத் தூக்கினேன்.